கோ-கோ பார்க்கப் போகிறீர்களா? வாஷிங்டனில் ஒரு ராத்திரிக்கான கையேடு

கோ-கோ என்றதும் நம் ஆட்களுக்குப் பள்ளி மைதானத்தில் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து ஆடும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். வாஷிங்டன் டி.சி.யில் அது ஓர் இசை. அந்த ஊர்க் கறுப்பின மக்கள் ஐம்பது வருடமாகத் தூக்கி வளர்த்த இசை. 2020 பிப்ரவரியில் அதை நகரத்தின் அதிகாரபூர்வ இசையாகச் சட்டம் போட்டு அறிவித்தார்கள். டிக்கெட் எடுத்துவிட்டு உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு இது பிடிபடாது. எப்படிப் போனால் பிடிபடும் என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒரே ஒரு வரலாற்று விஷயம். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. 1970களின் நடுப்பகுதி, டிஸ்கோ காலம். டிஜேக்கள் இசைத்தட்டுகளை இடைவெளியே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேடைக் குழுக்களோ ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் ஆடிக்கொண்டிருந்தவர்களை நாற்காலிக்கு அனுப்பிவிடும். சக் பிரவுன் என்ற கிடார்க்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பாட்டு முடிந்தாலும் தாளம் நிற்கக் கூடாது. டிரம்ஸும், காங்கா என்ற கைமேளமும், கௌபெல் என்ற உலோக மணியும் ஓடிக்கொண்டே இருக்கும்; அதன் மேல் இவர் கூட்டத்தோடு பேசுவார்; பேச்சுவாக்கில் அடுத்த பாட்டுக்குள் நுழைவார். போய்க்கொண்டே இருப்பதால் கோ-கோ. டிஸ்கோவின் ஓட்டத்தைக் குறைத்து, இடுப்பு அசைய இடம் விட்டு வாசித்ததும் அவர்தான். 1978இல் வெளிவந்த அவருடைய ‘பஸ்டின் லூஸ்’ தேசிய அளவில் ஓடியது. வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணி ஹோம் ரன் அடித்தால் மைதானத்தில் ஒலிப்பது அதுதான். 2012இல் அவர் மறைந்த பிறகும் சக் பிரவுன் பேண்ட் வாசித்துக்கொண்டிருக்கிறது.

எந்தக் குழு?

இதில் தவறினால் ராத்திரியே தவறிவிடும். கோ-கோ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று தலைமுறை இருக்கிறது.

புதிதாகப் போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை ரேர் எசன்ஸ். 1976இல் தென்கிழக்கு டி.சி.யின் பள்ளிப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு. தாளக் கட்டு இறுக்கமாக இருக்கும். வரும் கூட்டத்துக்குப் பதில் சொல்லும் இடமெல்லாம் அத்துப்படி. பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்தே நீங்கள் பாதியைக் கற்றுக்கொள்ளலாம். சக் பிரவுன் பேண்டும் நல்ல தொடக்கம்தான். பித்தளை ஊதுகருவிகளோடு, கொஞ்சம் ஜாஸ் மணத்தோடு, நிதானமாக இருக்கும்.

1988இல் ‘டா பட்’ பாட்டால் நாடு முழுக்கத் தெரிந்த ஈ.யூ., எண்பதுகளின் தொடக்கத்திலேயே வெளியூர்களில் பேரெடுத்த டிரபிள் ஃபங்க் ஆகிய இரண்டும் ஃபங்க் என்ற துள்ளல் நடன இசைப் பக்கம் சாய்பவை. ஜங்க் யார்ட் பேண்ட் 1980வாக்கில் பாரி ஃபார்ம் குடியிருப்புச் சிறுவர்கள் வாளி, டப்பா, கார்ச் சக்கர மூடிகளைத் தட்டி ஆரம்பித்தது. அந்த முரட்டுத்தனம் இன்னும் போகவில்லை. பேக்யார்ட் பேண்ட் கனமான ஓசை. அதன் முன்வரிசைக் குரலான அன்வான் ‘பிக் ஜி’ குளோவரை ‘தி வயர்’ தொடரில் ஸ்லிம் சார்ல்ஸாகப் பார்த்திருப்பீர்கள். பி’லா டோனா பெண்களின் குழு; தெரிந்த ஆர்&பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுகள் நிறைய வரும், ஆகவே பாட்டு தெரியாமல் விழிக்க வேண்டியதில்லை.

2000களில் டி.சி.பி. குழுவிலிருந்து கிளம்பிய ‘பௌன்ஸ் பீட்’ வேறு ரகம். ரோட்டோடாம், டிம்பாலே என்ற மேளங்கள் முன்னால் வந்து மோதும், கூட்டம் இளசு, குதியும் தள்ளுமுள்ளும் அதிகம். முதல் ராத்திரிக்கு அது வேண்டாம். இரண்டாவதுக்குப் போங்கள்.

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இந்தக் குழுக்கள் பிறர் பாட்டுகளை நிறைய வாசிக்கும். ஆங்கிலப் பாடகி அடெலின் ‘ஹலோ’வை பேக்யார்ட் பேண்ட் கோ-கோவாக்கியது இணையமெங்கும் சுற்றியது. சொந்தச் சரக்கு இல்லாததால் இப்படிச் செய்வதாக நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத் தங்கள் தாளத்தில் எப்படிப் பூட்டுகிறார்கள் என்பதில்தான் போட்டியே.

எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு காலத்தில் மின்கம்பங்களில் பால்டிமோரின் குளோப் அச்சகம் அடித்த கண்ணைப் பறிக்கும் சுவரொட்டிகள் தொங்கும். இப்போது குழுக்களின் இன்ஸ்டாகிராம் பக்கம்தான் சுவரொட்டி. நாலைந்து குழுக்களைப் பின்தொடர்ந்தால் போதும். இடமும் நேரமும் கடைசி நாளில் மாறுவதுண்டு; கிளம்பும் முன் அன்றைய ஸ்டோரியை ஒருமுறை பாருங்கள்.

ஷா பகுதியில் ஹோவர்ட் தியேட்டர் 1910இல் திறந்தது; நெடுங்காலம் மூடிக் கிடந்து 2012இல் மறுபடி உயிர் பெற்றது. பச்சைத் தட மெட்ரோவில் ஷா–ஹோவர்ட் யு நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். வி தெருவில் 9:30 கிளப். யு ஸ்ட்ரீட் நிலையத்திலோ ஷாவிலோ இறங்கி நடக்கலாம். நின்றுகொண்டே பார்க்கும் இடம் அது. ஒலி அமைப்பு நன்றாக இருக்கும். சிவப்புத் தடத்தில் டக்கோமா நிலையத்துக்கு அருகில் டக்கோமா ஸ்டேஷன் டாவர்ன். சின்ன இடம், வயதில் மூத்த கூட்டம். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டபடி பார்க்க வேண்டுமானால் பொடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அலெக்சாண்டிரியாவில் பர்ச்மியர் என்ற அரங்கு இருக்கிறது. நிகழ்ச்சியும் சீக்கிரம் தொடங்கும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கோ-கோ கேட்பது கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவது மாதிரி.

வாடகை ஏறியதாலும் பழைய கிளப்புகள் மூடப்பட்டதாலும் கணிசமான நிகழ்ச்சிகள் இப்போது மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டியிலும் அதைத் தாண்டி வால்டார்ஃப் பக்கமும் நடக்கின்றன. அங்கெல்லாம் மெட்ரோவை நம்ப முடியாது. கார் வேண்டும், குடிக்காத ஓட்டுநரும் வேண்டும்.

காசில்லாமல் பார்க்க வேண்டுமா? ஆகஸ்டில் போங்கள். சக் பிரவுன் பிறந்த நாள் ஆகஸ்டு 22. அதையொட்டி வடகிழக்கு டி.சி.யில் லாங்டன் பூங்காவில் அவர் பெயரில் உள்ள நினைவிடத்தில் இலவச விழா நடக்கும். மடக்கு நாற்காலி, தண்ணீர், தொப்பி எடுத்துப் போங்கள். குழந்தை முதல் பாட்டி வரை ஆடுவதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

டிக்கெட்டை அரங்கின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். முன்கூட்டி எடுத்தால் சாதாரணமாக 25 முதல் 50 டாலருக்குள் முடியும்; சேவைக் கட்டணம் தனி. வாசலில் எடுத்தால் சில இடங்களில் நேரம் ஏற ஏற விலையும் ஏறும்.

கிளம்பும் முன்

அடையாள அட்டை அசலாக இருக்க வேண்டும். பெரும்பாலான கிளப்புகள் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அமெரிக்க ஓட்டுநர் உரிமம் இல்லையென்றால் பாஸ்போர்ட். கைபேசியில் இருக்கும் படத்தைக் காவலர் ஏற்க மாட்டார். வாக்குவாதம் செய்தாலும் பயனில்லை. வாசலில் சோதனை உண்டு. முதுகுப் பை வேண்டாம். சட்டைப் பையில் அடங்குவது போதும்.

உடை இடத்தைப் பொறுத்தது. 9:30 கிளப்பில் டி-ஷர்ட் போதும். லவுஞ்ச் என்று பெயரிட்ட இடங்களில் விளையாட்டு உடைக்கும் தொப்பிக்கும் தடை இருக்கலாம். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், படியுங்கள். திறந்த செருப்பு மட்டும் எங்கும் வேண்டாம். நாலு மணி நேரம் நின்று ஆடி, மிதியும் வாங்கப்போகும் கால் அது.

காதடைப்பான் கட்டாயம். நாலு தாளக்காரர்கள், இரண்டு கீபோர்டு, பேஸ் கிடார், மூன்று மைக் என்றால் ஒலி 100 டெசிபலை எளிதில் தொடும். அந்த அளவில் பாதுகாப்பான நேரம் ஏறக்குறைய 15 நிமிடம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் காதைக் காக்கும், ஆனால் சத்தத்தை மந்தமாக்கிவிடும். கௌபெல்லின் கிணுகிணுப்பு போய்விடும். இசைக்காரர்களுக்கென்று விற்கும், 15 முதல் 20 டெசிபல் குறைக்கும் ரகத்தை வாங்குங்கள்.

வாசலில் கஞ்சா வாசம் வரலாம். டி.சி.யில் 21 வயது நிரம்பியவர்கள் 2 அவுன்ஸ் வரை வைத்திருப்பது குற்றமில்லை. பொது இடத்தில் புகைப்பது குற்றம். மத்தியச் சட்டப்படி எல்லாமே குற்றம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு அந்த மத்தியச் சட்டம்தான் கணக்கு. தள்ளியே இருங்கள்.

எத்தனை மணிக்குப் போவது?

டிக்கெட்டில் எட்டு மணி என்றிருந்தால் அது கதவு திறக்கும் நேரம். டிஜே, அதன் பிறகு முதலில் வாசிக்கும் ஒரு சின்னக் குழு, அதன் பிறகுதான் நீங்கள் பார்க்க வந்தவர்கள். கிளப் நிகழ்ச்சிகளில் பெரிய குழு பத்தரை, பதினொன்றுக்கு ஏறுவது சகஜம். எட்டுக்கே போய் நின்றால் பெரிய குழு ஏறும்போது கால் ஓய்ந்திருக்கும், சில பேர் அப்போதே கிளம்பியும் விடுவார்கள். கதவு திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போவது சரி. விற்றுத் தீர்ந்த நிகழ்ச்சியானால் மட்டும் அரை மணி. பர்ச்மியருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நேரத்துக்கு உட்கார்ந்துவிடுங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். யு ஸ்ட்ரீட்டில் 1958 முதல் இருக்கும் பென்ஸ் சில்லி பௌலில் ஹாஃப்-ஸ்மோக் என்ற காரத் தொத்திறைச்சிதான் பேர்போனது. சைவர்களுக்கு இறைச்சியில்லாத சில்லியும் உண்டு. பொட்டலம் கட்டித் தரும் சாதாரண கேரிஅவுட் கடைகளில் கோழி இறக்கைக்கு மேல் ஊற்றித் தரும் இனிப்பும் புளிப்புமான மம்போ சாஸும் இந்த ஊர்ச் சொத்துதான். வெள்ளைச் சட்டையோடு அதைத் தொடாதீர்கள்.

எங்கே நிற்பது, என்ன கேட்பது?

நல்ல இடம் ஒலிக்கலவை மேசைக்கு முன்னால், நடுவில். கோ-கோ குழுவைக் கலப்பது கடினம். தாளம் இவ்வளவு இருக்கும்போது பேசுபவரின் குரல் எளிதில் மூழ்கிவிடும். ஓரத்தில், பேஸ் ஒலிபெருக்கிக்கு எதிரே நின்றால் நெஞ்சு அதிரும், ஒரு வார்த்தையும் விளங்காது. வார்த்தை விளங்காத கோ-கோ பாதிக் கோ-கோ.

இரண்டாவது சுற்றுக்குக் காங்காக்காரர் இருக்கும் பக்கம் நகருங்கள். வேலை எல்லாம் அங்கேதான் நடக்கிறது. டிரம்ஸ்காரர் அடித்தளம் போடுவார், அவசரப்பட மாட்டார். அவர் விடும் இடைவெளிகளைக் காங்கா நிரப்பும். கௌபெல்லும் ரோட்டோடாமும் மேலே பூ வைக்கும். இந்த நால்வரும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் நிலைக்குப் ‘பாக்கெட்’ என்று பெயர். “அவன் பாக்கெட்டில் இருக்கான்” என்பதுதான் அங்கே ஒரு வாத்தியக்காரருக்குக் கிடைக்கும் உச்சப் பாராட்டு. வேகமாக வாசிப்பவருக்கு அது கிடைப்பதில்லை.

ஓட்டம் நம் காதுக்கு முதலில் ஏமாற்றும். நாலு எண்ணிக்கைதான், ஆனால் உள்ளே ஓடும் நுண்ணடிகள் சமமாக விழுவதில்லை, நொண்டி விழுகின்றன. சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் நடுவே எங்கோ ஊசலாடுவது போல இருக்கும். அந்த ஊசல்தான் ஆட்டத்தின் உயிர். கைதட்டினால் இரண்டிலும் நாலிலும் தட்டுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் தட்டுபவரைச் சுற்றி நிற்பவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்; சிரிப்பார்கள், சண்டைக்கு வர மாட்டார்கள். ஆட்டம் தெரியாவிட்டால் முழங்காலைத் தளர்த்தி, உடல் கனத்தைக் கீழே விட்டு, தோளை மட்டும் அசையுங்கள். மேல் நோக்கிக் குதித்தால் தாளம் கைவிட்டுப் போகும். இது தரையைப் பார்த்து ஆடும் ஆட்டம். காலை மின்னல் வேகத்தில் மடக்கி நீட்டுபவர்கள் கண்ணில் பட்டால் அது ‘பீட் யா ஃபீட்’. வட்டம் விட்டு ஒதுங்கிப் பாருங்கள், உள்ளே போகாதீர்கள்.

எல்லோரும் செய்யும் பிழை ஒன்று: பாட்டு முடிந்ததும் கைதட்டிவிட்டு, கழிவறைக்கோ பாருக்கோ கிளம்புவது. கிடாரும் கீபோர்டும் ஓய்ந்து தாளம் மட்டும் ஓடும் அந்த இடத்தை இடைவேளை என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்காகத்தான் ஊரே வந்திருக்கிறது. போக வேண்டுமென்றால் மெதுவான ஆர்&பி பாட்டின் நடுவில் போங்கள். வரிசையும் குறைவாக இருக்கும். கைபேசியில் படம் எடுப்பதற்கும் இதே விதிதான். இரண்டு நிமிடம் எடுங்கள், பைக்குள் வையுங்கள். கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திரையைப் பார்த்து நிற்பவரைக் குழுவும் பார்க்கும்.

பதில் சொல்வது, பெயர் சொல்ல வைப்பது

பாடகர் ஒருவர் இருந்தாலும், ராத்திரியை நடத்துபவர் ‘லீட் டாக்கர்’. பாட வேண்டியதில்லை, பேச வேண்டும். தென்கிழக்கு எங்கே, வடகிழக்கு எங்கே, மேரிலாந்து வந்திருக்கிறதா என்று கேட்பார். தங்கள் பகுதி வரும்போது அந்தந்தக் கூட்டம் உறுமும். களைத்துவிட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்று கத்த வேண்டும், நிஜமாகவே களைத்திருந்தாலும். சக் பிரவுன் பேண்ட் என்றால் “வைண்ட் மீ அப், சக்!” (‘என்னை முடுக்கிவிடு, சக்!’) என்ற கூவலைக் கூட்டமே தொடங்கும். வார்த்தை தெரியாவிட்டால் முதல் முறை கேளுங்கள், இரண்டாம் முறை சேர்ந்துகொள்ளுங்கள். எதுவும் ஒரே முறை வராது; நாலு தடவையாவது சுற்றி வரும்.

பிறந்த நாளோ திருமண நாளோ என்றால் உங்கள் பெயரையும் சொல்ல வைக்கலாம். முன்பு துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு நீட்டுவார்கள். இப்போது கைபேசியில், கறுப்புப் பின்னணியில் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதி, திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, தலைக்கு மேல் பிடிப்பது. பெயர், காரணம், பகுதி – மூன்றே சொல். நம் பெயர்களைச் சுருக்குங்கள். ஓடும் தாளத்தின் மேல் முத்துக்குமாரசாமியை எந்த டாக்கராலும் ஏற்ற முடியாது. ‘முத்து’ அழகாக உட்காரும். பாட்டின் நடுவில் காட்டிப் பயனில்லை. தாளம் மட்டும் ஓடும்போது காட்டுங்கள். முதல் அரை மணியில் அவர் கூட்டத்தின் பழைய முகங்களைக் கவனிப்பார், உங்கள் முறை பிறகு வரும்.

இறந்தவர்களின் படம் போட்ட சட்டை அணிந்து ஒரு கூட்டம் வந்திருக்கலாம். அவர்கள் பெயரும் மேடையிலிருந்து ஒலிக்கும். அந்த நேரத்தில் அவர்களுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

பாரில் ஒரு பானத்துக்கு 1 அல்லது 2 டாலர் டிப்ஸ் வையுங்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் 18 முதல் 20 சதவீதம். டி.சி.யில் உணவுக்கும் மதுவுக்கும் 10 சதவீத வரி தனியாகச் சேரும். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கூட்டம் சேரும் முன்பே குடிதண்ணீர் ஒரு புட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவது

மதுக்கூடங்கள் வார நாட்களில் 2 மணி, வெள்ளி, சனி இரவுகளில் 3 மணி வரை ஊற்றலாம். மெட்ரோ அவ்வளவு நேரம் ஓடாது. ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவோடு சரி. வெள்ளி, சனி அதற்கும் பிந்தி ஓடும். நிலையம் மூடும் நேரமும் உங்கள் திசைக்கான கடைசி ரயிலும் ஒன்றல்ல. போகும்போதே நிலையத்தில் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் வாடகைக் கார்தான். கூட்டம் மொத்தமாக வெளியே வரும் அந்தப் பதினைந்து நிமிடம் கட்டணம் எகிறும். கடைசிப் பாட்டுக்கு முன் கிளம்புங்கள், அல்லது இரண்டு தெரு தள்ளி நடந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு அழையுங்கள். சொந்தக் காரில் வந்தவர்கள் நிறுத்தும்போதே கம்பத்திலுள்ள எல்லாப் பலகைகளையும் மேலிருந்து கீழ் வரை படித்திருக்க வேண்டும். குடியிருப்போர் அனுமதித் தெருக்களில் அபராதச் சீட்டு நிச்சயம்.

அடுத்த நாள் பொழுதிருந்தால் அனகோஸ்டியாவில் மார்ட்டின் லூதர் கிங் அவென்யூவில் 2025இல் திறந்த கோ-கோ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். முதல் நாள் கேட்டுவிட்டுப் போனால்தான் அங்கிருக்கும் பொருட்கள் பேசும். முன்னால் போனால் வெறும் கண்ணாடிப் பெட்டிகள்.

கேட்டதை மறுபடி கேட்க ஸ்டூடியோ ஆல்பங்களைத் தேடாதீர்கள். இந்த இசை அங்கே பாதி செத்துப்போகும். நிகழ்ச்சியின் கலவை மேசையிலிருந்து நேரடியாகப் பிடித்த ‘பி.ஏ. டேப்’கள்தான் இதன் உண்மையான நூலகம். கேசட் காலத்தில் அவை கை மாறிக் கை மாறிச் சுற்றின; இப்போது இணையத்தில் ஏறுகின்றன. குழுவின் பெயர், இடம், தேதி மூன்றையும் போட்டுத் தேடுங்கள். உங்கள் பெயரை டாக்கர் சொல்லியிருந்தால், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதை அன்றிரவே குறித்து வையுங்கள். இரண்டரை மணி நேரப் பதிவில் அந்த ஒரு நொடியைத் தேடுவது லேசான வேலையில்லை.